முதல் நியமனம், பழைய ஸ்கூட்டி, கிரவல் ரோட்டு

நான் படிப்பிக்கும் பாடசாலை முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே ஆறு கிலோமீற்றர். காலையில் ஒரு பஸ், பிற்பகலில் ஒரு பஸ், அதுவும் வந்தால்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து முதல் நியமனமாக இங்கே வந்த எனக்கு, இரண்டாவது வாரமே விளங்கிவிட்டது, ஸ்கூட்டி இல்லாமல் இந்தப் பாடசாலையில் நேரத்துக்குக் கையெழுத்து வைக்க முடியாது என்று. அவசரத்தில் பழைய ஹொண்டா டியோ ஒன்றை வாங்கினேன். முதல் வருடத்தில் திருத்த வேலைக்கும் பத்திர அலைச்சலுக்குமாக அறுபதாயிரம் ரூபாவுக்கு மேல் போனது. அதில் பாதியாவது எனக்கு விஷயம் தெரியாததால் போன காசு.

இப்போது ஒவ்வொரு நியமனத்தோடும் புதிதாக வரும் தங்கைமார், தம்பிமார் அதே கேள்விகளோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் மெக்கானிக் இல்லை. கராஜ் வாங்கில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகியவள். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: கம்பனிப் புத்தகத்தில் இருக்கும் சர்வீஸ் கணக்கு தார் ரோட்டுக்கானது. கிரவல் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதில் பாதிதான் கணக்கு.

1. வண்டி பார்க்கப் போகுமுன் உங்கள் லைசன்ஸைத் திருப்பிப் பாருங்கள்

நான் விழுந்த முதல் குழி இதுதான். என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. ஆனால் அட்டையின் பின்பக்கத்தில் ஏ1 வகுப்பு மட்டும்தான். ஏ1 என்றால் 100 சீசீ வரையிலான மோட்டார் சைக்கிள். அதற்கு மேலே போனால் ஏ வகுப்பு வேண்டும். ரிவிஎஸ் கம்பனியின் ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சீசீ, அதற்கு ஏ1 போதும். டியோ 109 சீசீ, என்டோர்க் 125 சீசீ வகை. இரண்டுக்கும் ஏ வேண்டும். "ஸ்கூட்டிதானே, எல்லாம் ஒன்றுதானே" என்று நினைத்து ஐந்து மாதம் ஓடியிருக்கிறேன். மாங்குளத்துக்குப் போகும் வழியில் ஒருநாள் பொலிஸ் மறித்தபோதுதான் தெரிந்தது. கார் ஓட்டும் வகுப்பு மட்டும் வைத்திருப்பவர்களும் கவனம், அதைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட முடியாது.

தண்டப் பணம் ஒரு பக்கம். அதை விடப் பெரிய பிரச்சினை, விபத்து நடந்தால் உரிய வகுப்பு இல்லாதவருக்குக் காப்புறுதிக் கம்பனி கைவிரித்துவிடலாம்.

புதிதாக எடுப்பவர்களுக்கு வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ். இந்த மருத்துவச் சான்றிதழை ஊர் டிஸ்பென்சரியில் எடுக்க முடியாது, அந்த நிறுவகத்தில்தான் எடுக்கவேண்டும். பிறகு எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதி, சில மாதம் கழித்து ஓடிக் காட்டும் பரீட்சை. எனக்கு வகுப்பு மாற்றவே நான்கு மாதத்துக்கு மேல் எடுத்தது. ஆகவே நியமனம் கையில் கிடைத்த கிழமையே இதைத் தொடங்குங்கள். வண்டியைப் பிறகு பார்க்கலாம், அது ஓடிப்போகாது.

2. புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது?

வன்னியில் பழைய ஸ்கூட்டி விற்பவர்களில் பலர், வண்டி பதியப்பட்ட முதல் உரிமையாளர் இல்லை. இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கும். "ஓப்பின் பேப்பர் இருக்கு, பிரச்சினை இல்லை" என்பார்கள். அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்து வைத்த, வாங்குபவரின் பெயர் எழுதாத மாற்றப் படிவங்கள். விலை குறைவாக இருக்கும், ஆசையாகவும் இருக்கும். வேண்டாம். அந்தப் பழைய உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால், இறந்திருந்தால், அடையாள அட்டை இலக்கம் மாறியிருந்தால், நீங்கள் அலைவதற்கு எல்லையே இல்லை.

வாங்கும் நாளில் நீங்கள் பார்க்கவேண்டியவை:

பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதி. போட்டோப் பிரதியைக் காட்டி "புத்தகம் வீட்டில் இருக்கு" என்றால், வீட்டுக்கே போய்ப் பாருங்கள். அதில் அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயர் நீக்கவில்லை. கடிதம் எடுத்துப் பெயரை நீக்கித் தந்த பிறகுதான் முழுக் காசும் கொடுக்கவேண்டும். அதுவரை முற்பணம் மட்டும், அதுவும் எழுத்தில்.

என்ஜின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் சான்றிதழோடு ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். புழுதி படிந்து வாசிக்க முடியாவிட்டால் ஒரு துணியில் கொஞ்சம் பெற்றோல் நனைத்துத் துடையுங்கள். சேசிஸ் இலக்கத்தின் மேல் பென்சிலால் தேய்த்து ஒரு தாளில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் பிறகும் உதவும்.

விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்த மாற்றப் படிவங்கள் (எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8), நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ். கை மாறியதை 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். நான் "லீவு வரட்டும்" என்று விட்டேன். அந்த லீவு வருவதற்குள் விற்றவர் தொலைபேசியை மாற்றிவிட்டார். ஒரு கையெழுத்துக்காகக் கிளிநொச்சி, பரந்தன், தருமபுரம் என்று மூன்று நாள் தேடினேன்.

வாகன இறக்குமதி 2020 இல் நின்று 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய ஸ்கூட்டிகள் ஏறிய விலையில் பல இன்னும் இறங்கவில்லை. பத்து வருடம் ஓடிய வண்டிக்கும் கூசாமல் விலை சொல்வார்கள். புதிய வண்டியின் விலையையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேரம் பேசப் போங்கள்.

3. வண்டியைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள், வருகிறேன் என்று சரியான நேரத்தைச் சொல்லாமல் போங்கள். சைலன்சரில் கையை மெதுவாக வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்ராட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்ராட் ஆகிறது என்பதுதான் நீங்கள் பார்க்கவேண்டியது.

புகை நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது, பிஸ்டன் பக்கம் செலவு காத்திருக்கிறது. கறுப்பாக வந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, அது சின்ன வேலை. மாரிகாலக் காலையில் வரும் மெல்லிய வெள்ளை ஆவிக்குப் பயப்படவேண்டாம்.

மீற்றரில் உள்ள கிலோமீற்றரை நம்பாதீர்கள். கேபிளைக் கழற்றிவிட்டு ஓடுவது சாதாரணம். பிரேக் பிடி, சீற்றின் ஓரம், கிக்கரின் ரப்பர் ஆகியவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள், அவை பொய் சொல்லாது. இன்னொன்று: முன் லைற்றின் கண்ணாடிக்குள்ளே மண் கோடு இருக்கிறதா, சீற்றுக்குக் கீழே மூலைகளில் காய்ந்த சேறு இருக்கிறதா. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. அதற்குப் பிறகு வந்த மாரிகளிலும் நின்றிருக்கின்றன. வெளியே கழுவிப் பொலிஷ் அடித்துவிடலாம், உள்ளே வயருக்குள் போன தண்ணீர் போகாது.

தெரிந்த கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நான் இரண்டாவது முறை (தங்கைக்கு) வாங்கியபோது ஒருவருக்கு 1,500 ரூபாவும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தேன். அவர் வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் ரீச்சர்" என்றார். அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று கணக்குப் பார்க்கவில்லை.

4. ஒயில்

வண்டி வாங்கிய அன்றே, விற்றவர் என்ன சொன்னாலும், ஒயிலை மாற்றுங்கள். என்னுடையதைத் திறந்தபோது கராஜ் அண்ணை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார்: "ரீச்சர், இது ஒயில் இல்லை, தார். ரோட்டுக்கு ஊத்தலாம்."

மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் ஒயிலும் ஸ்கூட்டிக்கு ஊற்றும் ஒயிலும் வேறு. பைக்கில் கிளச் ஒயிலுக்குள் கிடக்கிறது. ஸ்கூட்டியில் கிளச் தனியாக, காய்ந்த பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் ஸ்கூட்டிக்கு எம்பி (MB) என்று தரம் எழுதிய மெல்லிய 10டபிள்யூ-30 ஒயில். பைக்கின் எம்ஏ (MA) ஒயிலை ஊற்றினால் உடனே ஒன்றும் உடையாது. ஆனால் உராய்வு கூடி, பெற்றோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும். பிக்கப்பும் மந்தமாகும். "தடிப்பான ஒயில் ஊத்தினால் என்ஜின் சத்தம் குறையும்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சத்தம் குறையும், உண்மை. காலையில் ஸ்ராட் பண்ணும்போது மேலே ஒயில் ஏறப் பிந்தும், அதுவும் உண்மை.

டியோ 110 க்கு வடித்து ஊற்ற 700 மில்லிலீற்றர் போதும். ஒரு லீற்றர் போத்தல் வாங்கினோமே என்று முழுவதையும் ஊற்றிவிடாதீர்கள். கூடினாலும் கேடு, காற்றுப் பெட்டிப் பக்கம் ஒயில் ஏறும். அளவு பார்ப்பது இப்படி: சமமான தரையில் நடு ஸ்ராண்டில் நிறுத்தி, ஓடி வந்த வண்டியானால் மூன்று நிமிடம் பொறுத்து, அளவுகோலை வெளியே எடுத்துத் துடைத்து, திருகாமல் வெறுமனே உள்ளே விட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். திருகிப் பார்த்தால் ஒயில் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். நான் ஆறு மாதம் அப்படித்தான் ஏமாந்தேன்.

நான் 2,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒயிலும் கூலியும் சேர்த்து எனக்கு 3,500 ரூபாவுக்குள் முடிகிறது. என்ஜின் இறுகினால் வரும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை.

எல்லோரும் மறக்கும் இன்னொரு ஒயில் இருக்கிறது: பின் சில்லுக்குள் இருக்கும் கியர் ஒயில். டியோவுக்கு வெறும் 120 மில்லிலீற்றர். நீங்கள் கேட்காவிட்டால் கராஜில் மாற்றமாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் உடனே.

5. புழுதி

வன்னியில் ஸ்கூட்டியின் முதல் எதிரி தூரம் இல்லை, புழுதி. பெப்ரவரியில் மழை ஓய்ந்ததும் தொடங்கும். கிரவல் ஏற்றிய டிப்பர் ஒன்று முன்னால் போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்துவீர்கள். வண்டிக்குப் பொத்த இருப்பது காற்று பில்டர் ஒன்றுதான்.

பில்டரில் இரண்டு வகை. ஸ்பொஞ்ச் வகையைக் கழுவலாம்: சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, சில துளி ஒயில் விட்டுப் பிழிந்து போடவேண்டும். ஒயில் தடவிய கடதாசி வகையைக் கழுவக்கூடாது, காற்றும் அடிக்கக்கூடாது. கொம்பிரசர் பைப்பை எடுத்து உஸ் என்று அடித்துவிட்டு "கிளீன் பண்ணியாச்சு" என்பார்கள். அடித்த காற்றில் கடதாசியின் ஒயில் போய்விடும், பிறகு தூசியைப் பிடிக்காது. அந்தத் தூசி நேராக சிலிண்டருக்குள் போய் அரத்தாள்போல் தேய்க்கும். கடதாசி வகை கறுத்துவிட்டால் மாற்றுவது மட்டும்தான் வழி. புத்தகத்தில் எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும், 5,000 கிலோமீற்றரில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்தது பெல்ட் பெட்டி, இடப்பக்கம் நீளமாக இருக்கும் மூடி. அதற்குள் ஒரு பெல்ட், முன்னால் ரோலர்கள் உள்ள கப்பி, பின்னால் கிளச். அந்தப் பெட்டிக்குள்ளும் குளிர்ச்சிக்காகக் காற்றுப் போகிறது, காற்றோடு செம்மண்ணும் போகிறது. என்னுடையதைத் திறந்து பார்த்தபோது உள்ளே செங்கல் இடித்து வைத்ததுபோல் இருந்தது. 

அறிகுறிகளைப் பழகிக்கொள்ளுங்கள். வெளிக்கிடும்போது வண்டி உடம்பு நடுங்குவதுபோல் அதிர்ந்தால் கிளச்சில் தூசி படிந்து மினுங்கிப் போயிருக்கிறது. பெட்டியைத் திறந்து துடைத்து, கிளச் கட்டைகளை இலேசாக அரத்தாளால் உரசினால் பெரும்பாலும் சரி. என்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் தேய்ந்து ஒடுங்கிவிட்டது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தடதடத்தால் உருளை ரோலர்கள் ஒருபக்கம் தட்டையாகிவிட்டன.

பெல்ட் சொல்லிக்கொண்டு அறாது. என்னுடையது முத்துஐயன்கட்டுப் பக்கம், மாலை ஐந்தரைக்கு அறுந்தது. ஸ்கூட்டியில் பெல்ட் அறுந்தால் என்ஜின் ஓடும், சில்லு சுற்றாது, தள்ளுவதைத் தவிர வழியில்லை. யானை நடமாடும் இடத்தில் அந்த நேரத்தில் ஸ்கூட்டி தள்ளிய அனுபவம் யாருக்கும் வேண்டாம். ஒரு உழவு இயந்திரக்காரர் பெட்டியில் ஏற்றி வந்து விட்டார். டியோவின் பெல்ட்டுக்குப் புத்தகத்தில் 24,000 கிலோமீற்றர் போட்டிருக்கிறது. நான் இப்போது 15,000 இல் மாற்றிவிடுகிறேன். கம்பனிப் பெல்ட்டுக்கு 5,000 ரூபாவுக்கு மேல் கேட்டார்கள், அதில் பாதி விலைக்கும் ஒன்று கிடைக்கும். பாதி விலைப் பெல்ட்டைத்தான் விற்றவர் போட்டிருந்தார்.

6. ரியூனிங் என்பது இவ்வளவுதான்

இளம் பொடியன்கள் ரியூனிங் என்றால் சைலன்சரை மாற்றுவது, பில்டரைக் கழற்றிவிடுவது என்று நினைக்கிறார்கள். சத்தம் கூடும், பொலிஸ் மறிக்கும், புழுதி உள்ளே போகும். வேகம் கூடியதாக அவர்களைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை.

ரோலர் மாற்றுவது மட்டும் உண்மையிலேயே வேலை செய்யும் மாற்றம். எடை குறைந்த ரோலர் போட்டால் வெளிக்கிடும் இழுவை கூடும், பின்னால் ஆள் ஏற்றி மணலில் போக உதவும். பதிலுக்கு மேல் வேகமும் மைலேஜும் குறையும். எடை கூடியது இதற்கு நேர்மாறு. தினமும் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் எங்களுக்குக் கம்பனி போட்ட எடையே போதும்.

மற்றபடி நீங்கள் கற்றுக்கொள்ளவேண்டியது பிளக் பார்ப்பது. கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். பிஸ்கற் நிறமாக இருந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது. கரிபோல் கறுப்பாக இருந்தால் பில்டர் அடைத்திருக்கிறது அல்லது பெற்றோல் கூடுதலாகப் போகிறது. வெள்ளையாக வெளிறியிருந்தால் பெற்றோல் போதவில்லை, என்ஜின் சூடேறுகிறது, இதைக் காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள். திரும்பப் பூட்டும்போது முதலில் கையால் மட்டும் திருகவேண்டும். கை போகும் வரை போனபிறகுதான் ஸ்பனர். புரி மாறி ஏறினால் அலுமினியத் தலை போய்விடும், எண்ணூறு ரூபா பிளக்குக்காகப் பல ஆயிரம் போகும்.

காபரேற்றர் உள்ள பழைய மொடல் என்றால் ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தை, கூட்டிக் குறைக்கும் ஸ்குருவை நீங்களே திருப்பலாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நடு ஸ்ராண்டில் வைத்துச் செய்யுங்கள். ஐடில் கூடிவிட்டால் கை வைக்காமலே பின் சில்லு உறுதியாகச் சுற்றும், அது ஆபத்து, சந்தியில் நிற்கும்போது வண்டி தானாக நகரும். காற்று-பெற்றோல் கலவை ஸ்குரு அதற்குப் பக்கத்தில் இருக்கும். அதைத் தெரிந்தவர் கையில் விடுங்கள். பெற்றோலைப் பீச்சும் எப்ஐ மொடல்களில் இந்த வேலையே இல்லை. அங்கே யாராவது ஸ்குரூ டிரைவரோடு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெற்றோல் 92 ஒக்டேன் போதும், 95 ஊற்றினால் பறக்காது. கடைகளில் போத்தலில் தொங்கும் பெற்றோலை அந்தரத்துக்கு மட்டும் வாங்குங்கள், தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருக்கலாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கதையை ஒவ்வொரு கராஜிலும் கேட்கலாம். அந்தத் திறமைக்குத் தலைவணங்குகிறேன். உங்கள் ஸ்கூட்டியில் அதைச் செய்துபார்க்க யாரையும் விடாதீர்கள்.

7. புகை, காப்புறுதி, வரி: இந்த வரிசையில்

வருடத்துக்கு ஒருமுறை வரும் தலையிடி. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க, செல்லுபடியாகும் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். எனவே அனுமதிப்பத்திரம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கவேண்டும்.

முதலில் சர்வீஸ். பிறகுதான் புகைப் பரிசோதனை. நான் மறுபக்கமாகச் செய்தேன். அழுக்குப் பில்டரோடு கிரவலில் இருபது கிலோமீற்றர் ஓடிப்போய்ச் சோதனைக்கு விட்டேன், தோற்றேன். பில்டர் அடைத்தால் காற்றுக் குறைந்து காபன் மொனொக்சைட் ஏறும், அவர்கள் அளப்பதே அதையும் எரியாமல் வரும் ஐதரோகாபனையும்தான். புதிய பில்டர், துடைத்த பிளக், புதிய ஒயிலோடு போங்கள். கால் மணி நேரமாவது ஓடி என்ஜின் சூடாக இருக்கவேண்டும். நடமாடும் பரிசோதனை உங்கள் பக்கம் வரும் நாளைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து வையுங்கள், ரவுணுக்குப் போகும் ஒருநாள் லீவு மிச்சம்.

அடுத்தது காப்புறுதி. தேர்ட் பார்ட்டி மலிவு, சட்டத்துக்கும் போதும். ஆனால் மாடு குறுக்கே வந்து நீங்கள் விழுந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு சதமும் வராது. லீசிங்கில் எடுத்தால் முழுக் காப்புறுதிதான் கேட்பார்கள்.

கடைசியாகப் பிரதேச செயலகம். மூலப் பத்திரங்களும் பிரதிகளும் கொண்டுபோங்கள். பிரதி எடுக்கும் கடையில் மின்சாரம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது என் சொந்த அனுபவத்தில் வந்த அறிவு. இணையத்திலும் புதுப்பிக்கலாம், முந்தைய வருடத்து விபரங்கள் சரியாக இருந்தால் சுலபம். பிந்தினால் தண்டம் சேரும்.

எல்லாவற்றின் முடிவுத் திகதியையும் சீற்றுக்குக் கீழே ஒரு பிளாஸ்ரரில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

8. ரோட்டில்

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பரந்தனில் இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக வரும் ஏ35 ஐம்பதுக்குச் சற்று மேல். இரண்டும் நல்ல தார். நல்ல தார் என்பதால்தான் ஆபத்து. இரவில் மாடுகள் சூட்டுக்காகத் தார் மேல் படுத்துக் கிடக்கும், கறுப்பு மாடு கறுப்பு ரோட்டில் பத்தடிக்கு முன்னால்தான் தெரியும். பின் லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும் அப்படித்தான். இருட்டிய பிறகு நாற்பதுக்கு மேல் நான் ஓடுவதில்லை.

கிரவலில் இறங்கினால் முன் பிரேக்கை மறந்துவிடுங்கள். ஸ்கூட்டியின் சில்லு சின்னது, பைக் தாண்டும் குழியில் அது விழும். முன் சில்லு வழுக்கினால் காலை ஊன்றுவதற்குள் நீங்கள் தரையில். அக்ஸிலரேற்றரை ஒரே அளவில் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கைகளை இறுக்காமல் விடுங்கள். வண்டி கொஞ்சம் நெளியும், நெளியட்டும். அதைத் திருத்தப் போனால்தான் விழுவோம். முன்கூடையிலும் காலடியிலும் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் வைத்துக்கொண்டு கிரவலில் போவதைத் தினமும் பார்க்கிறேன். ஹான்டில் திரும்பாது, அவ்வளவுதான் சொல்வேன்.

ரயர்க் காற்று: டியோவுக்கு முன் ரயர் 22 பிஎஸ்ஐ, பின் ரயர் 29, பின்னால் ஆள் ஏற்றினால் 36. ஸ்ரிக்கரில் இருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் எல்லா ரயருக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார், நின்று சொல்லி அடியுங்கள். ரியூப் இல்லாத ரயராக இருந்தால் சீற்றுக்குக் கீழே ஒரு பஞ்சர் கிற்றும் சின்னப் பம்பும் வையுங்கள். உடைவேல் முள்ளுக்கு வாரநாள், சனி ஞாயிறு தெரியாது.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், மணியில் உருண்டுதான் போவீர்கள். ஆனையிறவிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் பக்கக் காற்று ஸ்கூட்டியைத் தள்ளும், வேகத்தைக் குறையுங்கள். பழைய வட்டுவாகல் பாலம் ஒடுக்கம், எதிரே வண்டி வந்தால் இந்தப் பக்கமே நின்று விடுங்கள்.

யானை நின்றால் ஹோர்ன் அடிக்கவேண்டாம், கிட்டப் போய்ப் படம் எடுக்கவும் வேண்டாம். தூரத்திலேயே நின்று, வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, பெரிய வாகனம் ஒன்று வரும் வரை பொறுங்கள்.

9. மாரியில்

ஒக்ரோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை குளங்கள் வான் பாயும், தரைப்பாதைகளில் தண்ணீர் ஓடும். கால் வைக்கும் பலகையை எட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள். அதற்குக் கீழேயானால் ஒரே வேகத்தில், இடையில் நிறுத்தாமல் போங்கள், சைலன்சர் வாய்க்குள் தண்ணீர் திரும்பாது. ஓடும் தண்ணீர் என்றால் முழங்கால் அளவுகூட வேண்டாம், உங்களையும் சேர்த்து இழுக்கும்.

தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் செல்ப் ஸ்ராட்டை அழுத்தாதீர்கள், கிக்கரையும் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கோனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தள்ளிக் கரைக்குக் கொண்டு வாருங்கள். பிளக்கைக் கழற்றி, கிக்கரைப் பலமுறை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்துப் பூட்டிப் பிறகு ஸ்ராட் பண்ணுங்கள். ஒயில் பால்தேநீர் நிறமாக மாறியிருந்தால் ஓடவே கூடாது, கராஜுக்கு ஏற்றுங்கள். என்ஜின் ஓடி, வண்டி மட்டும் இழுக்காவிட்டால் பெல்ட் நனைந்து வழுக்குகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் காய்ந்து இழுக்கும். பிரேக்கும் நனைந்திருக்கும், மெதுவாக ஓடிக்கொண்டே இரண்டு மூன்று முறை இலேசாகப் பிடித்துக் காயவையுங்கள்.

10. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது

ஏப்ரலில், ஆகஸ்டில், டிசம்பரில் வண்டியை போர்டிங்கில் விட்டுவிட்டுப் போவீர்கள். திரும்பி வந்தால் ஸ்ராட் ஆகாது. பெரும்பாலும் பற்றரி இறங்கியிருக்கும், கிக்கர் உள்ள வண்டியானால் அடித்து எழுப்பலாம். போகும்போது பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றிவிட்டுப் போனால் அந்த வேலையும் இல்லை.

நடு ஸ்ராண்டில், நிழலில், தாங்கியை நிரப்பி நிறுத்துங்கள். சைலன்சர் வாயை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். நான் ஒரு டிசம்பர் அடைக்காமல் போனேன். ஜனவரியில் வந்து அரை நாள் மிதித்தேன், இருமவேயில்லை. கராஜ் அண்ணை வந்து ஒரு கம்பியை விட்டு இழுத்தார். உள்ளே குளவி மண்கூடு கட்டி, அதற்குள் நான்கு புழுவும் வளர்த்திருந்தது. காசு வாங்கவில்லை. துணி அடைத்தவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: வந்ததும் முதலில் அந்தத் துணியை எடுங்கள். போன ஓகஸ்டில் நான் அதையும் மறந்தேன்.